காய்ச்சல் ஒன்றுதான், உடல்கள் வேறு: ஆண், பெண் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றி ஒரு விளக்கம்

ஒரே வீட்டில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வருகிறது. கிருமி ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் மூன்று நாளில் எழுந்து நடமாடுகிறார். இன்னொருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிறது. வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்கிறோம். அவை எல்லாம் சரியே. அவற்றோடு நாம் அதிகம் பேசாத இன்னொரு காரணமும் இருக்கிறது. நோயாளி ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்தும் உடல் கிருமியை எதிர்க்கும் விதம் மாறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். சராசரியாகப் பார்த்தால் பெண்ணின் நோய் எதிர்ப்புச் சக்தி வேகமாக விழித்துக்கொள்கிறது, பலமாகவும் போராடுகிறது. அதனால் பல தொற்று நோய்களில் பெண்கள் ஆண்களைவிட எளிதாகத் தப்புகிறார்கள். ஆனால் அதே வேகம் சில சமயம் தன் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. லூபஸ், முடக்குவாதம், தைராய்டு பாதிப்பு போன்ற நோய்கள் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, ஆணுக்கு ஒரு பக்கத்தில் ஆபத்து இருக்கிறது, பெண்ணுக்கு இன்னொரு பக்கத்தில். நம் வீடுகளில் இந்த இரண்டுமே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவை அனைத்தும் பெரும் எண்ணிக்கையிலான மக்களைப் பார்த்துச் சொல்லப்படும் சராசரிகள். உங்கள் வீட்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஆணுக்கோ பெண்ணுக்கோ என்ன ஆகும் என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

கொரோனா பரவிய முதல் ஆண்டிலேயே மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆண்கள் அதிகமாக இருந்தார்கள். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் பல நாடுகளைச் சேர்ந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. தொற்று உறுதியானவர்களில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சம அளவில் இருந்தார்கள். ஆனால் தீவிர சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. இறக்கும் வாய்ப்பும் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்தது.

காசநோயிலும் இதே போக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் 1 கோடியே 6 லட்சம் பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளானார்கள். அதில் ஆண்கள் 58 லட்சம், பெண்கள் 35 லட்சம், மீதி 13 லட்சம் குழந்தைகள். அந்த நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் நம் இந்தியாவில்தான் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் உடலமைப்பு மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. பீடி, சிகரெட் பழக்கம் ஆண்களிடம் அதிகம். தூசியும் நெரிசலும் நிறைந்த வேலையிடங்கள், வெளியூர்ப் பயணம், வளைகுடா நாடுகளில் ஒரே அறையில் பலர் தங்கும் வாழ்க்கை ஆகியவையும் சேர்கின்றன. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும் வழக்கமும் இருக்கிறது. மறுபுறம், நோய் வந்த பெண்கள் பரிசோதனைக்கே அழைத்துச் செல்லப்படாமல் கணக்கில் விடுபடுவதும் நடக்கிறது. இவ்வளவையும் கழித்துப் பார்த்த பிறகும் உடலுக்குள் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

உடலின் காவல் இரண்டு அடுக்கு

அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, நோய் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கிருமி உள்ளே நுழைந்ததும் சில மணி நேரத்திலேயே முதல் அடுக்குக் காவல் இயங்கத் தொடங்கும். இது எந்தக் கிருமி என்று துல்லியமாகப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்பதைக் கண்டறிந்து எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கைச் சமிக்ஞைகளில் முக்கியமான ஒன்று இன்டர்பெரான் என்னும் புரதம். வைரஸ் நுழைந்த செல், பக்கத்துச் செல்களுக்கு "கதவை அடையுங்கள்" என்று சொல்லும் செய்தி போன்றது அது. நமக்கு வரும் காய்ச்சல், உடல்வலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் விளைவுகள்தான்.

சில நாட்கள் கழித்து இரண்டாவது அடுக்கு வருகிறது. இது குறிப்பிட்ட அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கும். டி செல்கள் கிருமி புகுந்த செல்களை அழிக்கும். பி செல்கள் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். இந்த அடுக்குக்கு நினைவாற்றல் உண்டு. தடுப்பூசிகள் வேலை செய்வதும் இந்த நினைவாற்றலை நம்பித்தான்.

இரண்டு அடுக்குகளிலும் பெண்களின் உடல் பொதுவாகக் கூடுதல் வேகம் காட்டுகிறது. வைரஸைக் கண்டதும் அவர்களின் செல்கள் அதிக இன்டர்பெரானைச் சுரக்கின்றன. ஆன்டிபாடிகளும் பொதுவாக அதிகமாக உருவாகின்றன. இதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று மரபணு, மற்றொன்று ஹார்மோன்.

இரண்டு எக்ஸ், ஒரு எக்ஸ்

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கின்றன என்பதும், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கின்றன என்பதும் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. எக்ஸ் குரோமோசோமில் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்கள் பல உள்ளன. அப்படியானால் பெண்ணின் உடலில் எல்லாமே இரட்டிப்பாக இயங்குமா? இயங்காது. 1961-இல் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் இதற்கு விளக்கம் தந்தார். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று ஆரம்பத்திலேயே அணைக்கப்பட்டுவிடுகிறது.

ஆனால் அணைக்கப்பட்ட குரோமோசோம் முழுவதுமாக உறங்குவதில்லை. அதில் உள்ள சில மரபணுக்கள் தொடர்ந்து இயங்குகின்றன. அவற்றில் ஒன்று டி.எல்.ஆர்.7. கொரோனா, இன்ப்ளுயன்சா போன்ற வைரஸ்களின் மரபுப் பொருளை அடையாளம் கண்டு எச்சரிக்கை கொடுக்கும் உணர்வியை உருவாக்குவது இந்த மரபணுதான். பெண்களின் நோய் எதிர்ப்புச் செல்கள் சிலவற்றில் இதன் இரண்டு பிரதிகளும் வேலை செய்கின்றன. ஆணிடம் இருப்பதே ஒரு பிரதிதான்.

இந்த ஒரே மரபணு தொடர்பான இரண்டு நிகழ்வுகள் முழு விஷயத்தையும் விளங்க வைக்கின்றன.

முதலாவது 2020-இல் நெதர்லாந்தில் நடந்தது. இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், இரண்டிரண்டு பேராகச் சகோதரர்கள், கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். வயது 21-லிருந்து 32-க்குள். முன்பு பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள். ஒருவர் இறந்துவிட்டார். மரபணுக்களை ஆராய்ந்தபோது நான்கு பேரிடமும் டி.எல்.ஆர்.7 பழுதாகி இருந்தது தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு எக்ஸில் இந்தப் பழுது இருந்தாலும் மற்றொரு எக்ஸ் கைகொடுக்கும். இவர்களுக்கு அந்த மாற்று இல்லை. கடுமையாக நோய்வாய்ப்பட்ட ஆண்களிடம் இதே வகைப் பழுது அரிதாக இருப்பதை அடுத்து வந்த பெரிய ஆய்வும் உறுதிசெய்தது.

இரண்டாவது 2022-இல் வெளியான ஆய்வு. ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்திக்கு ஏழு வயதிலேயே கடுமையான லூபஸ் நோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. அவளுடைய மரபணுக்களை ஆராய்ந்தபோது, அதே டி.எல்.ஆர்.7-இல் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் உணர்வி அளவுக்கு மீறிய கூர்மை பெற்று, தன் உடலின் சொந்தப் பொருளையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டது. அதே மாற்றத்தை எலிகளில் உண்டாக்கியபோது அவற்றுக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது.

அந்த இளைஞர்களிடம் காவல் விழிக்கவில்லை. இந்தச் சிறுமியிடம் காவல் உறங்கவே இல்லை. இரண்டுமே ஆபத்து. இவை அரிய நிகழ்வுகள்தான். ஆனால் கோடிக்கணக்கான சாதாரண ஆண், பெண்களிடம் மிதமான அளவில் நடப்பதை இவை பெரிதாக்கிக் காட்டுகின்றன.

இதற்கு ஆதரவாக வேறு சில சான்றுகளும் உண்டு. சில ஆண்கள் கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கிறார்கள். இவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். கிட்டத்தட்டப் பெண்களுக்கு உள்ள அளவு. 2024-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு காரணத்தைக் காட்டினார்கள். பெண்ணின் செல்லில் ஒரு எக்ஸை அணைக்க உதவும் எக்சிஸ்ட் என்ற மூலக்கூறு, தன்னோடு ஒட்டியிருக்கும் புரதங்களுடன் சேர்ந்து, சில சமயம் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. எலிகளில் ஆண் எலிக்கு இந்த மூலக்கூறை உண்டாக்கி, நோயைத் தூண்டும் ஒரு பொருளையும் கொடுத்தபோது, அதற்கும் லூபஸ் போன்ற பாதிப்பு வந்தது.

ஹார்மோன்களின் பங்கு

பருவ வயதுக்குப் பிறகு ஹார்மோன்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பொதுவாக ஆன்டிபாடி உற்பத்தியை ஊக்குவிக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக அதைத் தணிக்கிறது.

தடுப்பூசி ஆய்வுகளில் இது நன்றாகத் தெரிகிறது. 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், இன்ப்ளுயன்சா தடுப்பூசியின் பாதி அளவைப் போட்டுக்கொண்ட பெண்களிடம் உருவான ஆன்டிபாடி, முழு அளவைப் போட்டுக்கொண்ட ஆண்களிடம் உருவானதற்கு ஒப்பாக இருந்தது. 2014-இல் வந்த மற்றோர் ஆய்வில், ஆண்களுக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் உள்ளவர்களிடம் அதே தடுப்பூசிக்குக் குறைவான பலன் காணப்பட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் பாதி ஊசி போதும் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. அட்டவணையில் உள்ள அளவுதான் அனைவருக்கும். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. தடுப்பூசிக்குப் பிறகு கை வலி, காய்ச்சல், உடல் அசதி ஆகியவை பெண்களிடம் கொஞ்சம் அதிகமாக வருவது பல தடுப்பூசிகளில் பதிவாகியிருக்கிறது. ஹஜ், உம்ரா பயணத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் போட்டுக்கொள்ளும் குடும்பங்களில், கணவர் மறுநாளே வேலைக்குப் போக, மனைவி இரண்டு நாள் படுத்துவிட்டால், அது அவருடைய பலவீனமோ பாசாங்கோ இல்லை. அவர் உடல் ஊசிக்கு வேகமாகப் பதிலளித்திருக்கிறது, அவ்வளவுதான். முடிந்தால் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

ஆண்களுக்குப் பக்கவிளைவே வராது என்றும் எண்ண வேண்டாம். ஃபைசர், மாடர்னா வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்குப் பிறகு அரிதாக ஏற்பட்ட இதயத்தசை அழற்சி இளவயது ஆண்களிடம்தான் அதிகம் காணப்பட்டது.

கர்ப்ப காலம் ஒரு தனிக் கணக்கு

பெண்ணின் எதிர்ப்புச் சக்தி பலமானது என்ற பொது விதி கர்ப்ப காலத்தில் மாறுகிறது. வயிற்றில் வளரும் குழந்தையில் பாதி தந்தையின் மரபணு. தாயின் உடலுக்கு அது ஒரு வகையில் அந்நியம். அதைத் தாக்காமல் இருக்க, தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் போக்கைச் சரிசெய்துகொள்கிறது.

இதன் நல்ல பக்கத்தை முதலில் மருத்துவத்துக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச். முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் மூட்டு வலி குறைவதை அவர் கவனித்தார். அதைப் பின்தொடர்ந்து சென்றதில் கார்ட்டிசோன் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 1950-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆஸ்துமாவிலிருந்து மூட்டு நோய்வரை பயன்படும் ஸ்டீராய்டு மருந்துகளின் வரலாறு இப்படித் தொடங்கியதுதான். பிரசவத்துக்குப் பிறகு அந்த மூட்டு வலி பெரும்பாலும் திரும்பி வருகிறது என்பதையும் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஆபத்தானது. சில தொற்றுகள் கர்ப்பிணிகளை மிகக் கடுமையாகத் தாக்கும். இன்ப்ளுயன்சாவும் மலேரியாவும் அவற்றில் அடங்கும். நம் நாட்டில் கவனிக்க வேண்டியது மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் இ. இது அசுத்தமான குடிநீர் வழியாகப் பரவுகிறது. 1955-56 குளிர்காலத்தில் டெல்லியின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்போதே கர்ப்பிணிகளிடம் மரணம் அதிகமாக இருந்தது. அந்தக் கிருமி எது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும் இந்த நோயில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள பெண்களில் 20 முதல் 25 சதவீதம் பேர்வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

எனவே கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பது கட்டாயம். கண்ணில் மஞ்சள் தெரிந்தால், சிறுநீர் அடர்நிறமானால், நாட்டு மருந்துக்கும் பத்தியத்துக்கும் நாட்களைச் செலவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்கள் கொடுக்கும் விலை

இனி, வேகமான எதிர்ப்புச் சக்திக்குப் பெண்கள் கொடுக்கும் விலைக்கு வருவோம். உடல் தன்னையே தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறார்கள். இவற்றால் பாதிக்கப்படுவோரில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பது பொதுவான மதிப்பீடு. லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்தில் ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு மூன்று மடங்கு அதிகம். தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயும், கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஷோக்ரன் நோயும் பெரும்பாலும் பெண்களுக்கே வருகின்றன.

இந்த நோய்கள் ஒரே நாளில் பெரிதாக வெடிப்பதில்லை. காலையில் எழும்போது விரல் மூட்டுகள் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பாக இருக்கும். தூங்கி எழுந்தும் அசதி போகாது. முடி கொட்டும். வெயிலில் போய்வந்தால் கன்னங்களில் சிவப்புத் தடிப்பு வரும். வாயில் புண் அடிக்கடி வரும். காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போகும். இரத்தச்சோகை இருக்கும். கர்ப்பம் தொடர்ந்து கலையும். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம் போலத் தெரியும். அதனால் வீட்டில் "வேலைக்குச் சோம்பல்", "மனக்கவலை", "கண்ணேறு" என்று ஏதாவது ஒன்று சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தப் பெண்ணும் வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். லூபஸ் இதற்குள் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். சிறுநீரில் நுரை, முகத்திலும் காலிலும் வீக்கம் என்று வெளியே தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கக்கூடும்.

நம் சமூகத்தில் மனம்விட்டுப் பேச வேண்டிய இன்னொன்று, நிக்காஹ் பேசும்போது பெண்ணின் நோயை மறைப்பது. "இந்தப் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்ற பயம் பெற்றோருக்கு இருப்பது புரிகிறது. ஆனால் மறைத்துத் திருமணம் முடித்தபின் என்ன நடக்கிறது? புகுந்த வீட்டில் மாத்திரையை எடுக்க முடியாமல் அந்தப் பெண் நிறுத்திவிடுகிறாள். அல்லது மருத்துவரிடம் கேட்காமல் கர்ப்பமாகிறாள். லூபஸ் உள்ள பெண்ணும் தாயாக முடியும். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கும்போது, திட்டமிட்டு, நிபுணரின் கண்காணிப்பில் கர்ப்பமானால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போன்ற மருந்தைக் கர்ப்ப காலத்திலும் தொடரும்படியே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நோய் அடங்காத நேரத்தில் வரும் கர்ப்பம்தான் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. உண்மையைச் சொல்லிச் செய்யும் திருமணமே இந்தப் பெண்ணின் உயிருக்குப் பாதுகாப்பு.

ரமலான் மாதத்திலும் ஒரு கவனம் தேவை. இந்த நோய்களுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். நோன்புக்காக மாத்திரையைத் தாங்களாகவே விடக் கூடாது. சில மருந்துகளின் நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியும், சிலவற்றை முடியாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவதில் குறையொன்றும் இல்லை.

ஆண்கள் கவனிக்க வேண்டியது

ஆண்களின் ஆபத்து வேறு மாதிரியானது. முதல் அடுக்குக் காவல் தாமதமாக எழும்போது கிருமி பெருகிவிடுகிறது. பிறகு அதைக் கட்டுப்படுத்த உடல் கட்டுக்கடங்காத அழற்சியை உண்டாக்குகிறது. கொரோனாவில் நுரையீரல் பாதிப்பு பலருக்கு இப்படித்தான் நேர்ந்தது. 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 101 பேரின் இரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்பெரானையே செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தன்னைத்தானே தாக்கும் கோளாறு பெண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இது காட்டுகிறது.

உடல் இப்படி இருக்க, பழக்கமும் சேர்ந்து ஆண்களைக் கெடுக்கிறது. "சாதாரண இருமல்தான்", "கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது", "விசா முடியட்டும், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று நாட்கள் ஓடுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ எடை குறைவோ இருந்தால், சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒருவர் தள்ளிப்போட்டால் அவருடைய மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லோரும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

எல்லாத் தொற்றிலும் பெண்ணுக்கே சாதகம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சிறுநீர்ப் பாதைத் தொற்று பெண்களுக்குத்தான் அதிகம். அவர்களின் சிறுநீர்க் குழாய் குறுகிய நீளம் கொண்டது என்பதே அதற்கு முக்கியக் காரணம். பயணத்திலும் வேலையிடத்திலும் வசதியான கழிப்பறை இல்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருப்பது அதை மேலும் மோசமாக்குகிறது.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது?

மருத்துவ ஆய்வு நீண்ட காலம் ஆண்களின் உடலையே அளவுகோலாக வைத்திருந்தது. 1977-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தீங்கு வரக் கூடாது என்ற அச்சம்தான் காரணம். ஆனால் அதன் விளைவாகப் பெண்களின் உடலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமலே போனது. 1993-இல்தான் அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஆய்வுக்கூட விலங்குகளிலும் ஆண், பெண் என இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தத் துறையில் நாம் இன்று படிப்பவற்றில் பெரும்பகுதி அதன் பிறகு கிடைத்த அறிவு.

வீட்டில் என்ன செய்யலாம்?

காய்ச்சல் அடிக்கும் ஆண் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். மூச்சு வாங்குகிறதா, பேச்சு தடுமாறுகிறதா, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், புகைப்பவர் என்றால் இன்னும் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு பெண் ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வலி, காலை விறைப்பு, தீராத அசதி என்று சொன்னால் அதை நோயாக எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். இரத்தம், சிறுநீர், தைராய்டு ஆகிய எளிய பரிசோதனைகளிலிருந்து தொடங்கலாம். தேவைப்பட்டால் மருத்துவர் மூட்டு வாத நோய் நிபுணரிடம் அனுப்புவார். அந்தப் பெண்ணுக்கு வந்தது எப்போது, எத்தனை நாள், எந்த மூட்டில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கர்ப்பிணிக்கு வரும் காய்ச்சலை எப்போதும் அவசரமாகக் கருதுங்கள். அவருக்குரிய தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் நேரத்தில் போட்டுவிடுங்கள்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் டானிக்குகளையும் வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்பது உண்மையில்லை. ஏற்கெனவே அது தன் உடலையே தாக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதைத் தூண்டுவதாகச் சொல்லும் எந்தப் பொருளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

ஆணும் பெண்ணும் நோயை ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை. இருவரில் யாரும் மற்றவரைவிடப் பலவீனமானவரும் இல்லை. இருமும் தந்தையையும் வலியோடு வேலை செய்யும் தாயையும் அவரவர் உடலுக்கு ஏற்ப, உரிய நேரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், தவிர்க்கக்கூடிய பல இழப்புகளை நம் குடும்பங்கள் தவிர்த்துக்கொள்ள முடியும்.